கிண்ணத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும் சிண்டு

வாசகர் கேள்விகள்
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், பாளையங்கோட்டை

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். மகன் வேலைக்காக வெளிநாடு போனபோது அவன் வளர்த்த பொமரேனியன் நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். பெயர் சிண்டு. 4 வயது, 8 கிலோ எடை. வந்து ஏழு மாதம் ஆகிறது. கடைத் தீனியைத் தொடவே மாட்டேன் என்கிறது. சரி, வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். முதல் வாரம் கோழி போட்ட சோற்றை நன்றாகச் சாப்பிட்டது. அப்புறம் கோழியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றை விட்டது. ஈரல் போட்டேன், இரண்டு நாள் ஓடியது. முட்டை, ஒரே நாள். இப்போது கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வாசல்படியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து உருட்டி ஊட்டினால் நாலு வாய் வாங்கும். காலையில் எங்களோடு டீக்கு நாலு பிஸ்கட், அரை டம்ளர் பால், அதற்கு மட்டும் ஓடி வரும். சொதி வைக்கிற அன்று தட்டை நக்கித் துடைக்கிறது. எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி கவுச்சி கிடையாது. "ரெண்டு நாள் பட்டினி போடு, தன்னால திங்கும்" என்கிறார் என் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை இதற்காகவே அடுப்பு பற்ற வைக்கிறேன். என்ன செய்யட்டும்?
வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: நீங்கள் அடுத்து என்ன சமைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், சிண்டுவின் வாயைத் திறந்து பாருங்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

என் வீட்டில் செவலை என்று ஒரு பெட்டை நாய் இருந்தது. தெருவில் கிடந்த குட்டி, என் கையில் வளர்ந்தது. அதற்கு எட்டு வயது நடந்தபோது திடீரென்று சோற்றை ஒதுக்க ஆரம்பித்தது. செல்லம் கூடிப் போச்சு என்று நினைத்து நானும் உங்களைப் போலவே கோழி, ஈரல், நெய்யில் வதக்கிய முட்டை என்று மாற்றி மாற்றிச் செய்தேன். பத்தாவது நாள் காலையில் பக்கத்தில் குனிந்து நின்று கவனித்தேன். கோழித் துண்டை வாயில் எடுக்கிறது, தலையை இடது பக்கமாகச் சாய்க்கிறது, கீழே போடுகிறது, மறுபடி எடுக்கிறது. சாற்றை மட்டும் நக்குகிறது. வலது மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால், கடைவாயில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கும் அந்தப் பல்லின் வெளிப்பக்கம் செதில் செதிலாக உடைந்து, நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. கண்ணுக்குக் கீழே லேசாக வீக்கமும் இருந்தது. நான் ஆசையாகக் கொடுத்த ஆட்டு முட்டி எலும்பைக் கடித்ததில் உடைந்த பல். 34 வருஷம் ஊரார் வீட்டு நாய்களின் வாயைப் பிளந்து பார்த்தவள், என் வீட்டு நாயின் வாயைப் பார்க்கப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் அது வலியோடு இருந்திருக்கிறது. பல்லை எடுத்த நாலாம் நாள், வெறும் தயிர்ச் சோற்றையே கிண்ணம் நகர நகர நக்கிச் சாப்பிட்டது.

அதனால் முதலில் பல். அடுத்து ஈறு. உதட்டைத் தூக்கி ஈறில் விரலை அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறே வெளுத்துப் போயிருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நம் பக்கத்தில் நாய் சாப்பிடாமல் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் அதுதான். காதின் உள்மடல், கழுத்துப் பட்டைக்குக் கீழே, கால் விரல் இடுக்கு, இந்த மூன்று இடத்திலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூக்கு ஈரமாக இருக்கிறது, அதனால் காய்ச்சல் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் சரி. 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு. அப்புறம் எடை. நீங்கள் சிண்டுவைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், வித்தியாசம் அதன் எடை. இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எடை குறையவில்லை, ஓடியாடுகிறது, மலம் ஒழுங்காகப் போகிறது என்றால் நோய் இருக்க வாய்ப்புக் குறைவு. எதிலாவது சந்தேகம் வந்தால், அம்பையில் பார்த்தது போக, திருநெல்வேலி பக்கம் ராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம்.

உடம்பில் குறை இல்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்குப் பிஸ்கட்தான் கண்ணில் பட்டது. வீட்டுக்குள் வளரும் 8 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 450 முதல் 500 கலோரி போதும். ஒரு பிஸ்கட் 25 கலோரி என்றால் நாலு பிஸ்கட் 100. அரை டம்ளர் பால் 60. பொழுது விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அதன் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போய்விடுகிறது. தேங்காய் துருவும்போது காலடியில் நின்றால் ஒரு சில் போடுவீர்கள், சாயங்காலம் முறுக்கு உடைத்துப் போடுவீர்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் வீடுகளில் நடப்பதுதான் இது. பிறகு அதற்கு எங்கே பசிக்கும்? அதோடு, வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது; வயிற்றில் வாயு கட்டிக்கொண்டு மந்தமாகப் படுத்திருக்கும். பாலை நிறுத்துங்கள். தயிரோ மோரோ ஒரு கரண்டி சேர்க்கலாம்.

இன்னொன்று, ஊட்டுவது. சிண்டு வாசல்படிக்குப் போகிறது. நீங்கள் பின்னாலேயே போய் உட்கார்ந்து, கொஞ்சி, உருட்டி, ஊட்டுகிறீர்கள். பையன் போன வீட்டில் அதற்கு அந்த நேரம்தான் பெரிய சந்தோஷம். சோற்றை வேண்டாம் என்றால் நீங்கள் வருவீர்கள் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. அதன் மேல் கோபப்பட வேண்டாம். ஊட்டுவதை நிறுத்திவிட்டு, அதே கால் மணி நேரத்தைத் தலை வாரிவிடவும் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப் போகவும் கொடுங்கள். அந்த நேரம் அதற்கு வேண்டும்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. நேரத்துக்கு வைத்து, நேரத்துக்கு எடுப்பது நல்லது. இரண்டு நாள் பட்டினி போடுவது கூடாது. காலை 8 மணி, இரவு 7 மணி என்று இரண்டு வேளை. கிண்ணத்தை ஒரே இடத்தில் வையுங்கள். 20 நிமிஷம். பக்கத்தில் நிற்காதீர்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். நேரம் முடிந்ததும் மீதியை எடுத்துவிடுங்கள், அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். நல்ல உடம்போடு இருக்கும் வளர்ந்த நாய் ஒரு வேளையை விட்டால் ஒன்றும் ஆகாது. 24 மணி நேரம் ஒன்றுமே தொடவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள். குட்டி நாய்க்கு அவ்வளவு நேரம்கூடப் பொறுக்கக் கூடாது.

இனி சமையல். சிண்டுவுக்கு ஒரு நாள் கணக்கு இது: குழைய வடித்த சோறு 150 கிராம் (அம்பை 16 குண்டரிசி நன்றாகக் குழையும், உங்கள் ஊர் அரிசியே ஆயிற்றே), தோலும் எலும்பும் இல்லாத வெந்த கோழி 110 கிராம், மஞ்சள் பூசணியும் கேரட்டும் மசித்தது இரண்டு மேஜைக்கரண்டி, நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஒரு டீஸ்பூன். இது 450 கலோரி சுமாருக்கு வரும். வாரத்தில் இரண்டு நாள் கோழியைக் குறைத்து ஒரு வேக வைத்த முட்டை. ஈரல் வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு துண்டு போதும்; ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், தினமும் கொடுத்தால் கெடுதல். கோழியை எலும்போடு குக்கரில் வைத்து, வெந்த பிறகு சதையை உருவி எடுத்து, அந்தச் சாற்றைத் தனியாக ஆற வையுங்கள். மேலே கட்டும் கொழுப்பை வழித்துப் போட்டுவிட்டு, அந்தச் சாறு இரண்டு கரண்டி ஊற்றிச் சோற்றைப் பிசையுங்கள். வெந்த எலும்பு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது, ஊசி மாதிரி சிலும்பும். பிசைவதை நன்றாகப் பிசைய வேண்டும். கோழி தனி, சோறு தனியாகக் கிடந்தால் அது பொறுக்கத்தான் செய்யும். குழந்தைக்கு மசிப்பது போல, எது கோழி எது சோறு என்று நாக்குக்குத் தெரியாத பதம்.

நாய்க்கு நாக்கைவிட மூக்குதான் பெரிது. சுவை மொட்டுகள் நமக்கு 9,000 என்றால் அதற்கு 1,700 சுமார்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சோறு அதற்கு மணக்கவே மணக்காது. கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, விரல் விட்டால் இளஞ்சூடாக இருக்கும்போது வையுங்கள். நீங்கள் நாளுக்கொரு பதார்த்தம் செய்வதைவிட இந்தச் சூடு அதிகம் வேலை செய்யும்.

இதில் விடவே கூடாத ஒரு பொருள் இருக்கிறது. முட்டை ஓடு.

நான் நாங்குநேரிப் பக்கம் ஒரு மருந்தகத்தில் வேலை பார்த்த காலம். கோழிக்கடை வைத்திருந்த ஒருவர் ஐந்து மாத அல்சேஷன் குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்து, பாதம் தட்டையாகத் தரையில் பரந்து கிடந்தது. இடுப்பில் கை வைத்ததும் கத்தியது. எக்ஸ்ரேயில் எலும்பு, நிழல் மாதிரிதான் தெரிந்தது. "ஒரு குறையும் வைக்கலம்மா, தினமும் கோழிக்கறிதான். சோறே போடுறதில்ல" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் குட்டிக்கு இல்லாமல் போனது சுண்ணாம்புச் சத்து. 100 கிராம் கோழிச் சதையில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் சுமார் இருக்கும். கால்சியம் 10, 15 மில்லிகிராம்தான். நாய்க்கு வேண்டியதோ பாஸ்பரஸுக்குக் குறையாத கால்சியம். சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவி எடுத்துக்கொள்ளும். காட்டில் திரியும் மிருகம் எலும்போடு சேர்த்துத் தின்பதால் அதற்கு இந்தப் பிரச்சினை வருவதில்லை. அந்தக் குட்டியைக் கூண்டுக்குள் அசையாமல் வைத்து, சாப்பாட்டை மாற்றிக் கொடுத்ததில் ஒரு மாதத்தில் எழுந்து நடந்துவிட்டது. இடது காலில் மட்டும் வளைவு கடைசி வரை இருந்தது.

முட்டை ஓட்டைக் கழுவி, உள்தோலை உரித்து, பத்து நிமிஷம் கொதிக்க வைத்து, வெயிலில் காய்ந்த பிறகு வெறும் வாணலியில் லேசாக வறுத்து மிக்ஸியில் அடியுங்கள். மருந்துக்குச் செய்வது போல மெல்லிய துணியில் சலித்து, அதாவது வஸ்திரகாயம் செய்து எடுங்கள்; திப்பி இருந்தால் தொண்டையை அறுக்கும். ஒரு ஓட்டில் 2 கிராம் சுமார் கால்சியம் இருக்கிறது. சிண்டுவுக்கு ஒரு நாளைக்குக் கால் டீஸ்பூன், கொஞ்சம் கோபுரமாக. இது வளர்ந்த நாய்க்கான அளவு. குட்டிக்கு இதே கணக்கைப் போடாதீர்கள். அப்படியும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் வீட்டுச் சாப்பாட்டில் குறையத்தான் செய்யும். மாதக் கணக்கில் வீட்டுச் சமையல் மட்டும்தான் என்றால், எடைக்குத் தகுந்த சத்துப் பொடியை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். நாம் சாப்பிடும் மாத்திரையை உடைத்துப் போட வேண்டாம்.

சொதிக்கு வருகிறேன். அதற்கு அது பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை, தேங்காய்ப்பால் வாசனை அப்படி. ஆனால் சொதியில் சின்ன உள்ளியும் பூண்டும் முழுசு முழுசாகக் கிடக்கும். சின்ன உள்ளி, பல்லாரி (பெரிய வெங்காயம்), பூண்டு மூன்றுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உடல் எடையில் 0.5 சதவீதம் வெங்காயம் ஒரே நேரத்தில் போனால் விஷம்; சிண்டுவுக்கு அது 40 கிராம், ஒரு சிறிய பல்லாரி. குறைவாகத் தினமும் போனாலும் சேர்ந்து சேர்ந்து ரத்தசோகையில் கொண்டு விடும். வெந்தாலும் வதங்கினாலும் அந்த விஷம் போகாது, குழம்புச் சாற்றிலும் இறங்கியிருக்கும். ஆகவே சொதி, சாம்பார், கறிக்குழம்பு எதுவும் வேண்டாம். தேங்காய்ப்பால் பிழியும்போது உள்ளி போடுவதற்கு முன்னால், மூன்றாம் பாலில் ஒரு டீஸ்பூன் எடுத்து அதன் சோற்றில் கலந்து பாருங்கள். அதற்கு மேல் போனால் கொழுப்பு. இந்த வகை நாய்களுக்குக் கணையத்தில் அழற்சி வந்தால் வாந்தியும் வயிற்று வலியும் தாங்க முடியாது.

செவ்வாய், வெள்ளி பற்றி நீங்கள் தயங்கித்தான் எழுதியிருக்கிறீர்கள், தயங்கவே வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் பாசிப்பருப்பைக் குழைய வேக வைத்து, 40 கிராம் பனீரை உதிர்த்துப் போட்டு, தயிர் ஒரு கரண்டி விட்டுப் பிசைந்து கொடுத்தால் அதற்கு எந்தக் குறையும் வராது. பெருங்காயம், தாளிதம், உப்பு எதுவும் வேண்டாம். புரட்டாசி முழுக்கக் கவுச்சி இல்லாத வீடு என்றால் மட்டும் எனக்குத் தனியாக எழுதுங்கள், அந்த ஒரு மாதத்துக்கு வேறு கணக்குப் போட வேண்டும்.

புதுச் சாப்பாட்டுக்கு ஒரே நாளில் மாறாமல், ஒரு வாரம் பத்து நாளில் பழையதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதல் மூன்று நாள் சிண்டு முறைப்பாகத்தான் இருக்கும். அந்த மூன்று நாளும் நீங்கள் அடுக்களையில் இருங்கள், வாசல்படிப் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்திலிருந்து கன்னி நாய் வளர்க்கிறோம். கம்பங்கூழும் மோரும்தான் எப்போதும். அந்த நாய்கள் 13, 14 வயது வரை இருந்தன. இப்போது இருக்கும் நாய்க்கு 3 வயது, 16 கிலோ. கூழை வைத்தால் மூஞ்சியைத் திருப்புகிறது, விலா எலும்பு தெரிகிறது. கடைத் தீனி வாங்கச் சொல்கிறார்கள். நம் நாட்டு நாய்க்கு அது தேவையா?
வாசகர், சங்கரன்கோவில்

பதில்: அண்ணாச்சி, முதலில் விலா எலும்பு. கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் ஓட்டத்துக்காகவே வளர்ந்த உடம்பு. கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு மெலிதாகத் தெரிவது அழகுதான், நோய் இல்லை. இடுப்பு எலும்பும் முதுகுத் தண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தால்தான் மெலிவு.

கம்பில் தப்பே இல்லை. நாய் மாமிசம் மட்டும் தின்னும் பிராணி என்று சொல்வார்கள். மாவுச் சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு கூடுதல் என்று 2013-இல் வந்த ஆய்வு காட்டியது. மனிதன் கூடவே இருந்து அவன் தானியத்தைத் தின்று பழகிய வயிறு அது. ஆனால் உங்கள் தாத்தாவின் நாய் கூழை மட்டும் குடித்து 14 வருஷம் இருக்கவில்லை. கரிசல் காட்டில் அது முயல் பிடித்தது, எலி பிடித்தது, ஓணான் தின்றது. வேட்டையில் கிடைத்ததில் அதற்கும் ஒரு பங்கு விழுந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றம், அது சரியும்கூட. காடும் சுருங்கிவிட்டது, நாயும் சங்கிலியில் இருக்கிறது. கூழ் மட்டும் அப்படியே நிற்கிறது, கூடப் போன கறி நின்றுவிட்டது. நாய் மூஞ்சியைத் திருப்புவது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். அந்த நாய்க்கு ஒரு நாளைக்கு 1,000 கலோரி சுமார் வேண்டும்; அதற்குப் புரதம் 45 கிராமாவது இருக்க வேண்டும். 150 கிராம் கம்பு மாவில் கிடைப்பது 16, 17 கிராம்தான். மோரில் பெரிதாக ஒன்றும் கிடையாது. இரண்டு முட்டை வேக வைத்துப் போட்டால் 12, தோல் இல்லாத கோழிச் சதை 100 கிராமில் 20. சரியாகிவிடும். மோரைத் தயிராக்கி இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள், எண்ணெய் இரண்டு டீஸ்பூன், முட்டை ஓட்டுப் பொடி முக்கால் டீஸ்பூன். கம்பை நன்றாக வேக வைக்க வேண்டும். நறநறவென்று இருந்தால் அப்படியே மலத்தில் வந்துவிடும். இன்னொரு விஷயம், நமக்குக் கூழென்றால் சின்ன உள்ளி நறுக்கிப் போடாமல் இறங்காது. அதன் பங்கை உள்ளி போடுவதற்கு முன்னால் எடுத்து வைத்துவிடுங்கள்.

இதெல்லாம் தினமும் முடியுமானால் கடைத் தீனி தேவையில்லை. முடியாது, அறுவடை நேரம், ஆள் இல்லை என்றால் நல்ல கடைத் தீனி வாங்கிக் கொடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கேள்வி: டாக்டர் ஆன்ட்டி, எங்க மணி நான் சாப்பிடுறதை எல்லாம் கேக்கும். பாயசத்துல இருக்கிற கிஸ்மிஸ் குடுக்கலாமா? அல்வா குடுக்கலாமா?
7-ஆம் வகுப்பு மாணவி, தென்காசி

பதில்: தங்கம், கிஸ்மிஸ் ஒன்றுகூடக் கொடுக்காதே. திராட்சை, காய்ந்த திராட்சை இரண்டும் சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். எந்த நாய்க்கு எத்தனையில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கிஸ்மிஸ் கிடந்த பாயசமும் வேண்டாம். சாக்லேட்டும் அப்படியே, கறுப்பாக இருப்பது இன்னும் மோசம். அல்வா விஷம் இல்லை, ஆனால் அதில் ஊற்றியிருக்கும் நெய்க்கு மணியின் வயிறு தாங்காது. நீ சாப்பிடும்போது அது உன் முகத்தையே பார்க்குமே, எனக்குத் தெரியும். அதற்கென்று ஒரு சின்ன டப்பாவில் வேக வைத்த கேரட் துண்டு வைத்துக்கொள். தர்பூசணியும் கொடுக்கலாம், விதையை எடுத்துவிட்டு. தவறிப் போய் கிஸ்மிஸ் தின்றுவிட்டால் திட்டுவார்கள் என்று பயந்து மறைக்காமல் உடனே அம்மாவிடம் சொல். வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் அப்போதே டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும்.

கேள்வி: நாங்கள் கடல் தொழில் செய்கிறோம். எங்கள் நாய் மீனைத் தவிர எதையும் தின்னாது. கரையிலேயே பச்சையாகத் தின்றுவிட்டு வருகிறது. வீட்டில் சோறு வைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. மீன் மட்டும் போதுமா?
வாசகர், உவரி

பதில்: போதாது தம்பி. ஆனால் மீனை வைத்தே அதைச் சோற்றுக்குக் கொண்டுவந்துவிடலாம். சாளை, நெத்திலி மாதிரி மீன்களைப் பச்சையாகவே தினமும் தின்றால், அவற்றில் இருக்கும் ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். நாளாக நாளாக நாய்க்குப் பசி குறையும், நடை தள்ளாடும், வலிப்புகூட வரும். வேக வைத்தால் அந்த நொதி செத்துவிடும். சாளையைத் தலையும் குடலும் எடுத்துக் குக்கரில் வெறும் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். முள் விரலால் நசுக்கினால் மாவாகும் பதத்துக்கு வந்துவிடும். அந்த முள்ளும் சேர்ந்தே போகட்டும், கால்சியம் அதில்தான் இருக்கிறது. பெரிய மீன் என்றால் முள்ளை எடுத்துவிட வேண்டும். முதல் நாள் மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு சோறு, அந்தத் தண்ணீரையே விட்டுப் பிசைந்து. இரண்டு நாளுக்கு ஒருமுறை சோற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள். இரண்டு வாரத்தில் பாதிக்குப் பாதி வந்துவிடும், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

இந்தப் பழக்கம் வருகிற வரை அதைக் கரையில் அவிழ்த்து விடாதீர்கள். வலை உதறும்போது மணலில் விழுகிற பேத்தை மீனை நினைத்தால்தான் எனக்குப் பயம். அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. நாய் தின்றால் தசை எல்லாம் செயலிழந்து மூச்சு நின்றுவிடும். உங்கள் நாய் மட்டும் இல்லை, கரையில் திரிகிற நாய்கள் எல்லாம் அதே மணலில்தான் மோந்து திரிகின்றன. வலையில் பேத்தை வந்தால் அப்படியே வீசிவிட்டு வராமல், மண்வெட்டியால் ஆழமாக ஒரு குழி எடுத்துப் புதைத்து மூடிவிட்டு வாருங்கள்.